ஒரு காலி வரி

“மேடம், ஒரு ஆளோட பிறந்தநாள் தினமும் ஒரு நாள் தள்ளிப் போகுமா?” என்று கேட்டார் பூவலிங்கம்.

சபூரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிஜ ஆளுக்கா, நம்ம ஆளுக்கா?”

“நம்ம ஆளுக்கு.”

“போகும்.”

“எப்படி மேடம்?”

“நம்ம ஆளுக்கு வயசுதான் நிலை. இருபத்து மூணுன்னா இருபத்து மூணுதான். இன்னைக்குத் தேதியிலேர்ந்து பின்னாடி எண்ணித்தான் பிறந்தநாளைப் போடும். இன்னைக்கு நகர்ந்தா அதுவும் கூடவே நகரும்.”

“அப்ப அந்த ஆளுக்கு வயசே ஏறாது.”

“ஏறாது.”

பூவலிங்கம் நின்றுகொண்டே இருந்தார்.

“வேற என்ன சார்?”

“ஒண்ணுமில்லை மேடம்.”

ஒன்றுமில்லை என்று சொன்னவர் இடத்தைவிட்டு நகர வேண்டும். அவர் நகரவில்லை. கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் இயந்திரம் கீச்சென்று இரைந்து ஓய்ந்தது. ஏதோ ஒரு குழந்தை அழுதது.

சபூரா அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த ‘நம்ம ஆள்’ யாரென்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கேட்கிறவர் கடைசிவரை தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

திருச்சியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஆறு பேர். ஊரார் எழுதிய சாஃப்ட்வேரைப் பிறாண்டிப் பார்த்து, எங்கே கிழிகிறது என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. ஆஸ்பத்திரிப் பதிவுப் படிவம் ஒன்று வருகிறதென்றால், அதில் ஆயிரம் நோயாளிகளை நிரப்பிப் பார்க்க வேண்டும். நிஜ நோயாளியின் பெயரைத் தொடக்கூடாது. ஆகவே இல்லாத ஆட்களை உண்டாக்குவார்கள். பெயர், தெரு, வயது, பிறந்த தேதி, போன் நம்பர், எல்லாம் பொய். அந்தப் பொய் ஆட்களைத்தான் நம்ம ஆட்கள் என்பார்கள்.

ஒவ்வொரு பொய்க்கும் ஒரு மெத்தட், அதாவது அதை உண்டாக்கும் கட்டளை, உண்டு. பெயருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, ரத்த வகைக்கு ஒன்று. முந்நூறுக்கும் மேலே. எந்த மூளை அதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ளும்? அதற்காக சபூரா ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருந்தாள். படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் ‘தேடு’ என்று அடித்து, பக்கத்தில் என்ன பொய் வேண்டும் என்று அடிக்க வேண்டும். எந்த மெத்தட் என்று அது சொல்லும். மாதிரிக்கு ஒரு பொய்யையும் உண்டாக்கிக் காட்டும்.

சபூராவுக்கு முப்பத்தொரு வயது. பூவலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. அவருக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்தது அவள்தான். குரு என்றால் வெண்தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்தக் குருவுக்கு மதியச் சாப்பாட்டில் ஊறுகாய் இல்லாவிட்டால் முகம் மாறிவிடும். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வதில் படு சிக்கனம்.

பூவலிங்கம் அதற்குமுன் பதினெட்டு வருஷம் டேட்டா என்ட்ரி செய்தவர். நிஜ மனுஷர்களின் பெயரை நாளெல்லாம் தட்டித் தட்டி விரல் காய்த்தவர். அந்தக் கம்பெனியை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். பட்டியல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சபூரா அவரிடம் கொடுத்தாள். பெயர்ப் பட்டியல், இனிஷியல் பட்டியல், தெருப் பட்டியல். அதிலிருந்துதான் கருவி எடுத்துக் கோத்து ஆட்களைச் செய்கிறது.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

“நிஜப் பேர் எதுவும் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது சார்.”

“சரி மேடம்.”

“பட்டியலை மாத்தினா பழசை வெச்சுக்கக்கூடாது.”

“ஏன் மேடம்?”

“பழைய பொய்யைப் பத்திரமா வெச்சுக்கிட்டா, அது கொஞ்ச நாள்ல உண்மை மாதிரி பேச ஆரம்பிச்சிடும்.”

அன்றைக்கு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. காலையில் சபூரா போர்டில் ஒரு எண் எழுதுவாள். வாய்க்கு வந்த எண். அதைக் கருவிக்குக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு உரிய பொய் ஆட்கள் அந்த எண்ணுக்கு உரிய வரிசையில் வருவார்கள். எத்தனை தடவை கொடுத்தாலும் அதே ஆட்கள், அதே வரிசை. எங்கேயாவது படிவம் கிழிந்தால், அதே ஆளை மறுபடி கூப்பிட்டு மறுபடி கிழித்துப் பார்க்க அது வேண்டும். சாயங்காலம் அவளே போர்டைத் துடைத்துவிடுவாள். நேற்றைய எண்ணை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

பூவலிங்கம் ஒரு எண்ணை வைத்துக்கொண்டார்.

பத்து நாளுக்கு முன்னால், போர்டில் 31906 என்று எழுதியிருந்தது. எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ‘தேடு’ அடித்துப் பெயர் கேட்டார். தெரு கேட்டார். வயதும் பிறந்த தேதியும் கேட்டார். ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது.

பூ. தேன்மொழி.

4, செக்கடித் தெரு.

வயது 23.

பிறந்த தேதி, ஆகஸ்ட் 6.

அவர் கை மவுஸின் மேலேயே கிடந்தது. எடுக்க முடியவில்லை.

தேன்மொழி என்ற பெயர் பட்டியலில் முன்பே இருந்தது. செக்கடித் தெருவும் இருந்தது, எந்த ஊரில்தான் செக்கடித் தெரு இல்லை! ‘பூ’ என்ற இனிஷியல் மட்டும் இல்லாமல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நம்ம எழுத்து விட்டுப் போயிருக்கிறதே என்று ஆசைப்பட்டு அதைச் சேர்த்தவர் அவரேதான். ஆகக்கூடி, மூன்று பட்டியலில் மூன்று துண்டாகக் கிடந்ததை எண் கோத்துக் கொடுத்துவிட்டது. கணக்குப்படி அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அதிசயம் ஒன்றுமில்லை என்று அவர் தனக்குத்தானே ஏழெட்டுத் தடவை சொல்லிக்கொண்டார்.

அவர் மகள் பெயர் தேன்மொழி. அப்போது குடியிருந்தது செக்கடித் தெரு நாலாம் நம்பர் வீடு. ஆறு வயதில் போய்விட்டாள். பதினேழு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இருபத்து மூன்று.

பிறந்தது ஆகஸ்ட் 17.

அது ஒன்றுதான் ஒட்டவில்லை. அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வேறு யாரோ, என்று நினைத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். வந்து, அதே எண்ணோடு, ‘தேடு வாக்கியம்’ என்று அடித்தார்.

வாக்கியத்துக்கும் ஒரு மெத்தட் உண்டு. பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து சபூரா பொறுக்கிப் போட்ட முந்நூறு சொற்களில் நாலைந்தை எடுத்து அப்படியே அடுக்கும். அர்த்தம் இருக்காது. ‘ஆடு பலகை நேற்று நீலம்’ என்பது மாதிரி வரும். படிவத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தை நிரப்பினால் போதும், யார் அர்த்தம் பார்க்கிறார்கள்?

திரையில் வந்தது:

அப்பா கதவு ஈரம் இன்னும் நிற்கிறேன்.

அன்றைக்கு அவர் பஸ் பிடிக்காமல் வீடுவரை நடந்தே போனார்.

மறுநாள் போர்டில் வேறு எண். அவர் பழைய எண்ணை அடித்தார். தேன்மொழி வந்தாள். செக்கடித் தெரு வந்தது. வாக்கியமும் மாறாமல் வந்தது. பிறந்த தேதி மட்டும் ஆகஸ்ட் 7.

அதற்கடுத்த நாள் 8.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தார். தேதி ஒரு நாள் நகர்ந்துதான் இருந்தது. அவள் ஒவ்வொரு நாளாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

வீட்டு லேப்டாப்பில் பட்டியல்களைக் காப்பி எடுத்துப் போட்டு, அதே எண்ணைக் கொடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு தெ. பட்டாபிராமன் வந்தார். வயது எழுபது. மறுபடி அடித்தார். மறுபடியும் பட்டாபிராமன்தான். கருவியின் பதிப்பு வேறாக இருந்திருக்கும். ஆனால் பூவலிங்கம் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அந்த மாடியில், அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவியிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பதினேழு வருஷம் ஆகிறது.

இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குத் திரை காட்டிய தேதி ஆகஸ்ட் 16.

நாளைக்கு எல்லாம் ஒட்டிவிடும்.

ஒட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. ஏதாவது ஆகும் என்று மட்டும் நிச்சயமாக நம்பினார். பயந்தும் போயிருந்தார். அதனால்தான் குருவிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு நகராமல் நின்றார்.

“சார்” என்றாள் சபூரா, இப்போது நிமிர்ந்து. “நின்னது போதும். ஒரு வேலை இருக்கு.”

“சொல்லுங்க மேடம்.”

“இனிஷியல் பட்டியல்ல ஒரு வரி சேர்க்கணும்.”

“என்ன எழுத்து?”

“எழுத்து இல்லை. காலி வரி.”

அவருக்குப் புரியவில்லை. அவள் ஒரு புகாரைத் திறந்து காட்டினாள். ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் அவர்கள் சோதித்து அனுப்பிய படிவம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து காலையில் வந்த புகார்: ஏழு வயதுப் பெண் குழந்தை. காது ஆபரேஷனுக்குப் பதிவு செய்ய வேண்டும். தகப்பன் பெயர் கிடையாது. இனிஷியல் கட்டத்தைக் காலியாக விட்டால், ‘பெயர் சரியில்லை’ என்று படிவம் திருப்பி அனுப்புகிறது.

குழந்தையின் பெயர் புகாரில் இல்லை. வழக்கப்படி அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

“நாம எப்படி இதைப் பிடிக்காம விட்டோம்?” என்றார் பூவலிங்கம்.

“நம்ம ஆட்கள் எல்லாருக்கும் அப்பா இருக்காங்க சார். பத்து லட்சம் பேரை உள்ள அனுப்பினோம். ஒருத்தர்கூட இனிஷியல் இல்லாம போகலை. படிவம் எப்படிக் கிழியும்?”

அவர் புகாரை மறுபடி படித்தார்.

“படிவத்தை நான் சரி பண்ணி வெச்சுட்டேன். ரெண்டே வரி. ஆனா பட்டியல்ல அப்படி ஒரு ஆள் இருந்து, டெஸ்ட்ல தாண்டினாத்தான் அது வெளிய போகும். நம்ம வழக்கம் அதானே? பொய்யில நடக்காதது நிஜத்துக்குப் போகக்கூடாது.”

“சரி மேடம்.”

“பட்டியல் உங்களோடது. நீங்க போடுங்க.”

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இனிஷியல் பட்டியலைத் திறந்தார். அ, ஆ, இ என்று ஒரு வரிக்கு ஒரு எழுத்தாக இறங்கிக்கொண்டே போனது. கீழே, கடைசியில், அவர் சேர்த்த ‘பூ’.

அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்றது.

ஒரு வரி கூடினால் பட்டியலின் எண்ணிக்கை மாறும். எண்ணிக்கை மாறினால் கோக்கிற கணக்கு முதலிலேயே பிசகும். இனிஷியல் பிசகினால் அதன் பின்னால் வருகிற பெயர் பிசகும், தெரு பிசகும், வயது பிசகும். 31906 என்று அடித்தால் வேறு யாரோ வருவார்கள்.

எழுந்து மறுபடி சபூராவிடம் போனார்.

“மேடம், நாளைக்குப் போடட்டுமா?”

“ஏன்?”

“ஒரே ஒரு நாள். நாளைக்குக் காலையில ஒன்பதரைக்குப் போட்டுடறேன்.”

ஏன் என்று அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மேஜை மேலிருந்த செல்போனை எடுத்தாள். ஏதோ நம்பரை அடித்தாள். “ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரா? காலையில புகார் குடுத்தாங்களே, அந்த அம்மா இருந்தா குடுங்க” என்றாள். சொல்லிவிட்டு போனை அவரிடம் நீட்டினாள்.

“நாளைக்குன்னு நீங்களே சொல்லிடுங்க சார்.”

அவர் கைநீட்டி வாங்கினார். வாங்காமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

“ஹலோ? கம்ப்யூட்டர் ஆபீஸா சார்?”

“ஆமாம்மா.”

“எம் பொண்ணு பேரை எடுக்கவே மாட்டேங்குது சார். ஏதாவது ஒரு எழுத்தைப் போட்டு விடும்மான்னு கவுண்டர்ல சொல்றாங்க. நான் போட மாட்டேன்னுட்டேன். இல்லாத ஆளுக்கு எழுத்து எங்க சார் போறது?”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“பன்னண்டு மணிக்கு டாக்டர் கிளம்பிடுவாராம். மாசம் ஒரு தடவைதான் வருவாராம். நான் நிக்கட்டுமா, போகட்டுமா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

பூவலிங்கம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நில்லுங்க. அவ்வளவுதான். அல்லது, நாளைக்கு வாங்க.

சொல் வரவில்லை.

நான் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு. பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூட வாசலில், காலையில் விடும்போது அவர் சொன்னது அது. சாயங்காலம் மழை. அவர் போய்ச் சேர நாற்பது நிமிஷம் தாமதம். அவள் நின்று நின்று பார்த்துவிட்டு, தானாக நடந்திருக்கிறாள். தெருமுனையில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் கிடந்தது. அவளுடைய பை மட்டும் மிதந்தது என்று சொன்னார்கள்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. பாப்பா... பாப்பா எங்க இருக்கு?”

“வாசல்லதான் நிக்குறா சார். உள்ள வர மாட்டேங்குறா. ஆஸ்பத்திரி வாசனை அவளுக்கு ஆகாது.”

“வாசல்லயா?”

“கதவுகிட்ட. பாருங்க, தூறல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் காதுலயும் விழாது.”

பூவலிங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். திருச்சியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அப்பா. கதவு. ஈரம்.

“உள்ள கூட்டிக்குங்கம்மா” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்குங்க. நான் இப்பவே பண்றேன்.”

போனைக் காதோடு வைத்துக்கொண்டே தன் இடத்துக்கு ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் நாலு எட்டு தூரத்தை ஓடியவரைப் பார்த்து மற்ற நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். பட்டியல் திறந்தபடி இருந்தது. கர்சர் ‘பூ’வுக்குப் பக்கத்தில் மின்னி மின்னி அணைந்தது.

எழுத ஒன்றுமில்லை. ஒரு பட்டனை ஒரு தடவை தட்ட வேண்டும். கர்சர் ஒரு வரி கீழே இறங்கும். அவ்வளவுதான் வேலை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

தட்டினார்.

பட்டியல் மாறியதும் சோதனை தானாகத் தொடங்கியது. திரையில் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர், பெயரும் தெருவுமாகக் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மேலே ஏறி மறைந்தார்கள். நடுநடுவே, இனிஷியல் இல்லாமல் ஒரு பெயர். படிவம் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. மூன்று நிமிஷத்தில் கடைசி வரி பச்சையாக வந்தது. சபூரா எழுதி வைத்திருந்த இரண்டு வரிகளும் தானாகக் கிளம்பி அந்த ஊருக்குப் போயின.

எப்போது எழுந்து வந்தாளோ, சபூரா அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “எந்த நம்பர் மேடம்?”

அவள் குனிந்து, கீபோர்டில் மேல் அம்பு பட்டனைத் தட்டினாள். முன்பு அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் திரும்பி வந்தது. 31906. மறுபடி தட்டினாள். 31906. பத்து நாள் காலைகளும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“தெரிஞ்சும் ஏன் மேடம் கேக்கலை?”

“போட்டுப் பாருங்க.”

போட்டார்.

ஞா. கோவர்த்தனன். 118, கீழச் சந்து. வயது 61.

எத்தனையோ ஆயிரம் பேரைப் பார்த்த கண்தான். இருந்தும் அந்தப் பெயரைக் கண்டதும், வீட்டுக்குள் முன்பின் தெரியாதவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

“எங்க போனா?” என்றார்.

“இங்கதான். வேற ஏதாவது நம்பர்ல இருப்பா.”

“எந்த நம்பர்ல?”

“நானூறு கோடி நம்பர் இருக்கு சார். தேடுவீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள். பதில் அவளுக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது போல இருந்தது.

கீழே பல் டாக்டரின் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. ஃபேன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

“நான் மூணு வருஷம் தேடினேன்” என்றாள் சபூரா.

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“ஒவ்வொரு மெத்தடா, ஒவ்வொரு நம்பரா. கையால அடிச்சுப் பார்த்து மாளலை. அதுக்காகத்தான் இதை எழுதினேன்.”

அவள் சுட்டியது கறுப்புத் திரையை. அதில் ‘தேடு’ என்ற சொல் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்து அவர் நூறு தடவையாவது அடித்த சொல். இப்போது அதன்மேல் விரல் வைக்கவே அவருக்குக் கூசியது.

யாரை என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

“கிடைச்சாங்களா மேடம்?”

சபூரா மேஜைமேல் அவர் மறந்து வைத்திருந்த போனை எடுத்தாள். அதிலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. அதை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“லைன்ல ஆள் இருக்காங்க சார்.”

அவர் காதில் வைத்தார்.

“சார்! சார்! எடுத்துடுச்சு சார்! டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டாங்க! கேக்குதா சார்?”

“கேக்குதும்மா.”

“ரொம்ப நன்றி சார்.”

“பாப்பா உள்ள வந்துடுச்சா?”

“வந்துட்டா சார். எம் பக்கத்துலதான் நிக்குறா. தலைதான் நனைஞ்சு கிடக்கு.”

பூவலிங்கம் சபூராவைப் பார்த்தார். அந்த அறைக்குள் எது வரக்கூடாது என்று அவருக்குத் தெரியும். சபூரா போர்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“பாப்பா பேர் என்னம்மா?” என்று கேட்டார்.

“அவகிட்டயே கேளுங்க சார்.”

போன் கைமாறுகிற சரசரப்பு கேட்டது. பிறகு மூச்சு. மிக அருகில், காதுக்குள்ளேயே விடுகிற மாதிரி ஒரு சின்ன மூச்சு. பின்னால் எங்கோ மழை பெய்துகொண்டிருந்தது.

“பாப்பா, உன் பேர் என்ன?”

பதில் இல்லை.

“பாப்பா?”

“எனக்கு மெதுவாச் சொன்னா கேக்காது” என்றது அந்தக் குரல். “சத்தமாச் சொல்லுங்க. நீங்க யாரு?”

பூவலிங்கம் எழுந்து நின்றார். இனிஷியலோடு சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி தன் பேரை மட்டும் சொன்னார்.